விருந்தினரும் லோக்கல் வண்டியும்

பள்ளி விடுமுறை வந்தாலும் சரி, வீட்டில் பிரசவம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று விசேஷம் வந்தாலும் சரி, மும்பையில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருவது உறுதி. அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா என்று யாராவது ஒருவர் முறுக்கு டின்னும் வடகப் பொட்டலமும் சுமந்து வந்து இறங்குவார். நமக்கும் மகிழ்ச்சிதான். முதல் ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாவும் எலிஃபண்டாவும். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சித்திவிநாயகரும் மகாலட்சுமியும். மூன்றாம் ஞாயிறு நமக்கே அலுப்பு வந்துவிடும்.

சரி, நடுவில் வரும் ஆறு நாட்கள்? நாம் காலை ஏழரை மணிக்கு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். வந்தவர் நான்காம் மாடியில் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பி வழியே கீழே பார்த்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்கு நாம் திரும்பும் வரை உட்கார்ந்திருக்கிறார். “வெளியே எங்கேயும் போயிடாதீங்க, பாஷை தெரியாது, வழி தெரியாது” என்று நாமே பயமுறுத்திவிட்டுப் போகிறோம். ஊரில் நாலு தெரு நடந்து, ஆற்றில் குளித்து, சந்தைக்குப் போய்ப் பேரம் பேசியவருக்கு இது எப்படி இருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. இரண்டு மாதம் தங்கிவிட்டு ஊருக்குப் போய், “பம்பாயா? ஜன்னல் வழியாப் பாத்தேன்” என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர்.

விருந்தினருக்கு நாம் ஊரைச் சுற்றிக் காட்டினால் மட்டும் போதாது. இந்த ஊரில் தனியே போய்வரக் கற்றுக்கொடுக்க வேண்டும். அது முடியும், வயதானவர்களாலும் முடியும், ஆங்கிலமும் இந்தியும் தெரியாதவர்களாலும் முடியும் என்பதை எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்தேன். அதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தையின் கேள்வி

எங்கள் அத்தைக்கு வயது அறுபத்தாறு. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. தமிழ் நன்றாக வாசிப்பார்; ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். மாமா காலமாகி ஓராண்டு கழித்து, ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் கடைசியில் அவரை முலுண்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மத்திய ரயில்வேயின் தண்டவாளங்கள் தெரியும். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் தூரம் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் அதுதான். இப்போது சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி.

வந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அத்தை சொன்னார்: “ஏலே, பத்து நாளா இந்த ஜன்னல் வழியா வண்டி போறதையே பாத்துக்கிட்டு இருக்கேன். பகல் பூரா உக்காந்திருந்தா உங்க மாமா நெனப்புதான் வருது. மாட்டுங்கால நம்ம ஊர்க் கோயிலு, நம்ம ஊர்க் காயெல்லாம் இருக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ள சொல்லுதா. நானே ஏறிப் போய்ட்டு வந்தா என்னலே?”

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மும்பையின் புறநகர் ரயில்களில் நாள்தோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கிறார்கள். வண்டி ஒரு நிலையத்தில் அரை நிமிடம்கூட நிற்காது. தண்டவாளத்தைக் கடந்தும் வண்டியிலிருந்து விழுந்தும் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இந்தத் தடங்களில் உயிரிழக்கிறார்கள். இதையெல்லாம் அத்தையிடம் ஒளிக்காமல் சொன்னோம். “அப்போ எப்படி ஏறணும், எப்படி இறங்கணும்னு சரியாச் சொல்லிக் குடு” என்றார். அதற்கு மறுபேச்சு இல்லை. பாடம் தொடங்கிவிட்டது.

முதல் பாடம்: ஊரின் உருவம்

மும்பை அகலம் குறைந்து நீளம் மிகுந்த ஊர். ஒரு வாழை இலையை வடக்குத் தெற்காகப் போட்டதுபோல் வைத்துக்கொள்ளலாம். தென்முனையில் கோட்டையும் கேட்வேயும், மேற்கே அரபிக்கடல். இலையின் நீளவாக்கில் மூன்று ரயில் பாதைகள். மேற்கு ரயில்வே சர்ச்கேட்டிலிருந்து தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவிலி, விரார் என்று தகாணு வரை போகிறது. மத்திய ரயில்வே சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து, அதாவது நம் பெரியவர்கள் இன்னும் ‘விட்டி’ என்று சொல்லும் நிலையத்திலிருந்து, தாதர், குர்லா, காட்கோபர், முலுண்ட், தானே, கல்யாண் என்று போய், கல்யாணில் இரண்டாகப் பிரிந்து ஒன்று கசாராவுக்கும் மற்றொன்று கர்ஜத்துக்கும் செல்கிறது. ஹார்பர் பாதை அதே விட்டியிலிருந்து வடாலா, குர்லா, செம்பூர் வழியாக நவி மும்பைக்குள் புகுந்து பன்வேல் வரை போகிறது.

இந்த மூன்றும் எங்கே கைகோக்கின்றன என்று தெரிந்தால் பாதி ஊர் புரிந்துவிடும். மேற்கும் மத்தியும் சந்திக்குமிடம் தாதர். மத்தியும் ஹார்பரும் சந்திக்குமிடம் குர்லா. அந்தேரியையும் காட்கோபரையும் 2014 ஜூன் 8 முதல் மெட்ரோ இணைக்கிறது. தாதரில் முன்பெல்லாம் இரண்டு ரயில்வேக்கும் தனித்தனியே ஒன்றாம் நடைமேடை இருந்து, புதியவர்களைத் திண்டாட வைத்தது. 2023 டிசம்பரிலிருந்து மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7 வரை, மத்திய ரயில்வேக்கு 8 முதல் 14 வரை என்று தொடர் எண் கொடுத்துவிட்டார்கள். பழைய நினைவில் விருந்தினருக்கு வழி சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கிழக்கா, மேற்கா என்பது. மும்பையில் முகவரி என்றால் நிலையத்தின் பெயர், பிறகு ஈஸ்ட் அல்லது வெஸ்ட். தண்டவாளம் ஊரை இரண்டாக வகிர்ந்துவிட்டதால், தவறான பக்கம் இறங்கினால் திரும்பவும் பாலம் ஏறி இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே விருந்தினருக்கு வீட்டு எண்ணைச் சொல்வதற்கு முன்னால் ‘முலுண்ட், வெஸ்ட்’ என்று இரண்டு சொல்லை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். அத்தை அதை ‘சூரியன் விழுகிற பக்கம்’ என்று வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாடம்: பாம்பும் சாவியும்

எந்த வண்டியில் ஏறுவது? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஸ்லோ வண்டி எல்லா நிலையத்திலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி முக்கியமான நிலையங்களில் மட்டும். முலுண்டிலிருந்து மாட்டுங்கா போகிறவர் ஃபாஸ்டில் ஏறினால் மாட்டுங்கா ஜன்னல் வழியே பறந்துபோகும். தாதரில் போய்த்தான் இறங்க வேண்டும்.

நடைமேடையின் மின்பலகையில் போகுமிடத்தின் ஆங்கிலக் குறி, நேரம், ஸ்லோவுக்கு ‘எஸ்’, ஃபாஸ்டுக்கு ‘எஃப்’ ஆகியவை வரும். அத்தைக்கு ஆங்கில எழுத்து தெரியாது. என் மகள் காகிதத்தில் இரண்டையும் பெரிதாக எழுதிக் காட்டினாள். “இது பாம்பு மாதிரி வளைஞ்சு கெடக்கு. இது சாவி மாதிரி பல்லு வச்சிருக்கு” என்றார் அத்தை. அதோடு சரி. பாம்பு வந்தால் ஏற வேண்டும். சாவி வந்தால் விட்டுவிட வேண்டும். ஒரே சிக்கல், கர்ஜத் வண்டிக்கு ஊர்க் குறியும் ‘எஸ்’ தான். ஆகவே ஊர்க் குறி எந்த இடத்தில் வரும், வேகக் குறி எந்த இடத்தில் வரும் என்று நிலையத்துக்கே அழைத்துப் போய்க் காட்டினோம். திரும்பி வரும்போது தானேவுக்கு ‘டி’, கல்யாணுக்கு ‘கே’. குர்லாவோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. “எல்லாரும் இறங்கினா நீங்களும் இறங்கிடுங்க, அடுத்த ஸ்லோ எதுன்னு கேட்டு ஏறுங்க” என்று சொல்லிவைத்தோம்.

அடுத்தது பெட்டி. முதல் வகுப்புப் பெட்டியில் சாய்ந்த சிவப்பு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டாம் வகுப்புச் சீட்டோடு அதில் ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். குளிர்சாதன வண்டிக்கும் சாதாரணச் சீட்டு செல்லாது. மகளிர் பெட்டியில் பெண் படம் வரைந்திருக்கும். அது நடைமேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதுதான் முக்கியம். வண்டி வந்த பிறகு ஓடித் தேட முடியாது. எங்கள் நிலையத்தில் அத்தைக்குப் படிக்கட்டுக்குப் பக்கத்துத் தூண் அடையாளம்.

மகளிர் பெட்டியில் நான் ஏற முடியாது. ஆகவே முதல் இரண்டு முறை என் மனைவி விடுப்பு நாளில் கூடவே போனாள். மூன்றாம் முறை அத்தை மகளிர் பெட்டியில் தனியே. நான் அதே வண்டியில் வேறு பெட்டியில். மாட்டுங்காவில் நான் இறங்கும் முன்பே அத்தை இறங்கி நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பாடம்: எண்ணிக்கையும் காதும்

நிலையப் பெயர்ப் பலகைகள் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இரண்டும் தெரியாதவர் என்ன செய்வார்? எண்ணலாம். முலுண்டில் ஏறினால் நாஹூர், பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், மாட்டுங்கா. ஸ்லோ வண்டியில் ஒன்பதாவது நிறுத்தம். அத்தை இதை நவகிரகம் சுற்றுகிற கணக்கு என்று வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார்.

எண்ணிக்கை தவறினால் காது காப்பாற்றும். பெட்டிக்குள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் அறிவிப்பு வரும். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் மாறினாலும், பெரும்பாலும் ஊர்ப் பெயர் மூன்றிலும் ஒன்றுதான். மாட்டுங்கா மாட்டுங்காவே. சயானுக்கு மட்டும் மராத்தியில் ‘ஷீவ்’ என்று பெயர். “சிவன் வந்துட்டா அடுத்தது இறங்கணும்” என்று அத்தை அதையும் பிடித்துக்கொண்டார்.

இந்தி என்று பார்த்தால் ஐந்தாறு சொல் போதும். ‘கிதர்’ என்றால் எங்கே. ‘உதர்னா ஹை’ என்றால் இறங்க வேண்டும். ‘பாஜூ’ என்றால் தள்ளிக்கொள். ‘ஆகே’ முன்னால், ‘பீச்சே’ பின்னால். மகளிர் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டிருப்பவர் “எங்கே இறங்குகிறீர்கள்?” என்று கேட்டு அந்த இடத்தை முன்கூட்டியே பேசிவைப்பார். புதியவருக்கு இது தெரியாவிட்டால் யாரோ வம்புக்கு வருகிறார்கள் என்று தோன்றும். அத்தைக்கு அது வசதியாகப் போயிற்று. தன்னிடம் கேட்டவரிடமே “மாட்டுங்கா” என்று சொல்லிவிடுவார். அந்த அம்மாளே நேரம் வந்ததும் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார்.

இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. நிறுத்தம் வந்த பிறகு எழுந்தால் நடக்காது. ஒரு நிலையம் முன்பே எழுந்து, இறங்குகிறவர்கள் நிற்கும் வரிசையில் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் வாசல் விளிம்பில் நிற்கக் கூடாது. வண்டி முழுவதும் நிற்கும் முன் இறங்கவே கூடாது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடக்கும்போது, வாசலில் தொங்கிச் சென்றவர்கள் விழுந்து சிலர் இறந்ததை நாம் மறந்துவிட முடியாது. கூட்டமான வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறு என்று விருந்தினருக்கு ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்ல வேண்டும். அலுவலகம் போகிற நமக்குத்தான் அவசரம், அவர்களுக்கு என்ன?

இதற்கு நேரமும் துணை. காலையில் பதினொரு மணி வரை கூட்டம் தெற்கு நோக்கி. மாலை ஐந்து மணிக்கு மேல் வடக்கு நோக்கி. இடைப்பட்ட நேரத்தில் ஸ்லோ வண்டியில் உட்கார இடமே கிடைக்கும். நாம் விருந்தினரை அழைத்துப் போகும் ஞாயிற்றுக்கிழமையோ பராமரிப்புக்காக மெகா பிளாக் போடும் நாள். வண்டிகள் குறைவு, கூட்டம் அதிகம், ஃபாஸ்ட் வண்டி ஸ்லோ பாதையில் போகும். ஊர் பார்க்கத் தோதான நாள் செவ்வாய் முதல் வியாழன் வரை என்பேன். எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாட்டுங்காவில் ஓர் உலகம்

நான்காம் முறை அத்தை தன்னந்தனியே போனார். பதினொன்றரை மணிக்குப் புறப்பட்டு மூன்றரை மணிக்குத் திரும்பிவிட்டார். பையில் வாழைப்பூ, முருங்கைக்காய், நல்ல மல்லிகைச் சரம், ஒரு கட்டு அப்பளம். மாட்டுங்காவின் பூக்கடைகளையும் காய்கறிக் கடைகளையும் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திக சமாஜக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்து, தாமிரபரணிக் கரையில் யார் யாருக்கு யார் உறவு என்பதுவரை விசாரித்து வந்திருந்தார்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை. வீட்டில் பொரியலுக்குப் பஞ்சம் இல்லை. மாலையில் நாங்கள் திரும்பினால் எங்களுக்குச் சொல்ல அவரிடம் செய்தி இருந்தது. அதுவரை நாங்கள்தான் அவருக்குச் செய்தி சொல்பவர்களாக இருந்தோம். மாமாவைப் பற்றிய பேச்சும் வந்தது. ஆனால் அழுகையோடு இல்லை. “அவுக இருந்தா இந்த வண்டியில ஏற மாட்டாக, பயந்தாங்கொள்ளி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மழையில் ஒரு சோதனை

ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலையில் வானம் வெளுத்துத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. மும்பை மழையைப் பற்றி நமக்குத் தெரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை அனுபவித்தவர்கள் நம்மில் பலர். அந்த வியாழன் அவ்வளவு இல்லை. ஆனால் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. அந்தப் பகுதி தாழ்வானது. எப்போதுமே முதலில் தண்ணீர் நிற்குமிடம். இரண்டு மணிக்கு மாட்டுங்காவில் ஏறிய அத்தையின் வண்டி அங்கேதான் நின்றது.

இரண்டே முக்காலுக்கு என் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் குரல், மராத்தி கலந்த இந்தியில்: “உங்கள் அத்தை என் பக்கத்தில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார். கவலைப்படாதீர்கள்.” அத்தையிடம் கைபேசி கிடையாது. அவர் கழுத்துப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருந்தோம். ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ‘முலுண்ட் வெஸ்ட்’, கட்டடத்தின் பெயர், எங்கள் இருவர் எண்கள். மறுபக்கம் அவருக்காகத் தமிழில் மூன்று வரி: ‘பாம்பு வண்டி. ஒன்பது நிறுத்தம். எது நடந்தாலும் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.’

வண்டி ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றது. பொறுமை இழந்து அடுத்த பெட்டிகளிலிருந்து ஆண்கள் பலர் குதித்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் குர்லாவை நோக்கி நடந்தார்கள். மகளிர் பெட்டியிலும் இரண்டு பேர் இறங்கினார்கள். “நீங்களும் வாங்க” என்று ஒருத்தி அத்தையின் கையைப் பிடித்துக் கூப்பிட்டாளாம். அத்தை அட்டையைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பிரித்து, அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். அவர்கள் பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் யார் மொழியும் தெரியாது.

தண்ணீர் வடிந்து வண்டி நகர்ந்து, அத்தை வீடு வந்து சேர மணி ஐந்தரை ஆயிற்று. நான் நிலையத்தில் மழையில் நனைந்தபடி நின்றிருந்தேன். அத்தை நனையாமல் இறங்கினார். “நீ ஏன்லே இப்பிடி நனைஞ்சு நிக்கே?” என்பதுதான் முதல் கேள்வி. அன்றிரவு நான் தயங்கித் தயங்கி, “இனி மழை விடும்வரை போக வேண்டாமே” என்றேன். “மேகம் கறுத்தாப் போக மாட்டேன். வெளுத்தாப் போவேன்” என்றார். அந்த ஏற்பாடே கடைசிவரை நீடித்தது.

அன்று அவரைக் காப்பாற்றியது அட்டையும், அந்த மராத்திப் பெண்மணியும், அவருடைய நிதானமும்தான். முதல் இரண்டும் யாருக்கும் கிடைக்கக்கூடியவை. மூன்றாவது, நான்கு முறை பழக்கிக் கொடுத்ததால் வந்தது. பழக்காமல் அனுப்பியிருந்தால் அவரும் கூட்டத்தோடு குதித்திருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பஸ், ஆட்டோ, மெட்ரோ

ரயில் பழகியவருக்கு மற்றவை எளிது. 1926 ஜூலை 15 முதல் மும்பையில் ஓடும் சிவப்பு பஸ்ஸின் முன்புறத்தில் தட எண்ணை மராத்தி எண்ணில் எழுதுவது வழக்கம். ஆங்கில எண் பக்கவாட்டில் இருக்கும். இங்கே ஏமாற இடமுண்டு. மராத்தி ஒன்று பார்வைக்கு நம் 9 போலிருக்கும். நான்கு, தலை திறந்த 8 போல. ஐந்து ஏறக்குறைய 4 போல. ஏழு, சற்றே திரும்பிய 6 போல. பத்து எண்களையும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பழகிவிடும். 2025 மே மாதத்தில் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயாகவும், குளிர்சாதன பஸ்ஸுக்கு 12 ரூபாயாகவும் உயர்ந்தது. ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 5 ரூபாயிலிருந்தே சீட்டு உண்டு.

ஆட்டோக்காரர் மீட்டர் போடுவது நம் ஊர் விருந்தினருக்குப் பெரிய அதிசயம். பேரம் பேச வாயெடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஆனால் பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு மெட்ரோ ஏற்றது. மின்தூக்கி, நகரும் படி எல்லாம் உண்டு. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் பாதை 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தென் மும்பை போக வயதானவர்களுக்கு நெரிசல் இல்லாத ஒரு வழி கிடைத்திருக்கிறது.

விருந்தினர் வருகிறாரா?

நம் வீடுகளில் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

1. ஊரிலிருந்து வரும்போதே எந்த நிலையத்தில் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். டோம்பிவிலி, முலுண்ட் பக்கம் இருப்பவர்கள், வண்டி நிற்குமானால் கல்யாணிலோ தானேவிலோ இறங்கச் சொல்லுங்கள். விட்டி வரை போய்த் திரும்ப வேண்டாம். லோகமான்ய திலக் டெர்மினஸைக் குர்லா என்று பழக்கத்தில் சொல்கிறோம். பக்கத்திலிருக்கும் லோக்கல் நிலையமோ ஹார்பர் பாதையிலுள்ள திலக் நகர்.

2. அட்டை ஒன்று எழுதிக் கழுத்திலோ இடுப்புப் பையிலோ வையுங்கள். ஒரு பக்கம் பிறர் படிக்க. மறுபக்கம் அவர் படிக்கத் தமிழில்.

3. முதலில் ஒரே ஓர் இடம். கோயிலோ கடையோ, அவர் மனதுக்குப் பிடித்த இடம். வண்டி மாற வேண்டாத இடமாக இருந்தால் நல்லது.

4. இரண்டு முறை கூடப் போங்கள். மூன்றாம் முறை அவரை முன்னே விட்டுப் பின்னே போங்கள். நான்காம் முறை விட்டுவிடுங்கள்.

5. பாலத்தைத் தவிர வேறு வழியில் தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் கடப்பதைப் பார்த்துப் பழகிவிடுவார்கள். ரயில்வே உதவிக்கு 139 என்ற எண்ணையும் அட்டையில் எழுதுங்கள்.

6. நகையை வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சில்லறைப் பணம் தனியாக, மீதி உள்பையில்.

7. திரும்பி வந்ததும் உட்கார்ந்து கேளுங்கள். என்ன பார்த்தார், யாரோடு பேசினார், எங்கே தடுமாறினார் என்று. அடுத்த பாடம் அதிலிருந்துதான் கிடைக்கும்.

எல்லா விருந்தினருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. கண் மங்கியவர்கள், மறதி உள்ளவர்கள், நடக்க முடியாதவர்கள் தனியே போகக் கூடாது. அவர்களுக்குத் துணை வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் பகலில் வீட்டிலிருக்கும் நம்மவர் ஒருவராவது இருப்பார். எங்கள் கட்டடத்தில் அத்தை இரண்டாம் மாதத்தில் மூன்றாம் மாடிக்கு வந்திருந்த மதுரைப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா போகத் தொடங்கினார். பெரியம்மாவுக்குக் கண்பார்வை குறைவு. அத்தை எண்ணுவார், பெரியம்மா காதைத் தீட்டிக்கொண்டு அறிவிப்பைக் கேட்பார்.

அன்பர்களே, இந்த ஊருக்கு நாம் முதன்முதலில் வந்தபோது நமக்கும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு நண்பரோ தூரத்து உறவினரோ, தாதரில் எந்தப் பாலம் ஏறுவது என்று காட்டிக் கொடுத்திருப்பார். இப்போது நம் முறை. அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ வரும்போது, ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவோடு சேர்த்து ஒரு வார நாளில் அரை நாள் விடுப்பும் எடுத்து, அவர்களோடு ஒரு ஸ்லோ வண்டியில் ஏறுங்கள்.